லட்சத்து மூன்று தேங்காய்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய்க் களம் ஒன்றில் நாச்சிமுத்து வாயைத் திறந்தால், மட்டை உரிக்கிறவர்களுக்குக் கை ஓடாது. அன்று காலை அவர் வாயைத் திறந்தே ஆகவேண்டிய கட்டாயம். தகப்பன் தோப்பில் இறங்கிய காயில் சரிபாதி கேட்டுத் தங்கை தெய்வாத்தாள் வந்து நின்றாள். கொடுக்க அவருக்கு மனமில்லை. அவள் புருஷன் கல்யாணப் பந்தியில் நாச்சிமுத்துவின் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் நகர்ந்ததை அவர் இன்னும் மென்றுகொண்டிருந்தார்.

“பங்கு வெக்கறதுல எனக்கொண்ணும் இல்லை, அம்முணி. காய்தான் சம்மதிக்க மாட்டேங்குது. மொத்தம் லட்சத்து மூணு. அத்தனையும் ஒரே மரம்.”

“ஒரே மரத்துலயா?” என்றான் மட்டை உரிக்கும் ஆறுச்சாமி.

“மரம் அவ்வளவு உசரமப்பா. மீசை முளைக்காம ஏறினவன் நரைச்ச தாடியோட இறங்கினான். பெத்த தாய்க்கே அடையாளம் தெரியலை.”

“அதுவரைக்கும் மேல சோத்துக்கு?”

“தேங்காயைத்தான் தின்னான். தின்னது போக மிச்சம்தான் லட்சத்து மூணு!”

ஆறுச்சாமி கும்பிட்டான். நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எண்ணுல ரெண்டு வகை. பங்குக்கு மசியறது, மசியாதது. இது மசியாத வகை. ரெண்டு கூறா வெச்சேன், ஒரு காய் மிச்சம். மூணு கூறு, ஒண்ணு மிச்சம். ஏழு கூறு, அப்பவும் ஒண்ணு. எல்லாத் தடவையும் அதே காய்! மூணு கண்ணாலயும் என்னை முறைக்குது.”

“அஞ்சு கூறு வெச்சா?” என்றாள் தெய்வாத்தாள்.

“மூணு மிச்சம். துணைக்கு ரெண்டு பேரைக் கூட்டியாந்திருச்சு.”

களம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவருக்கு உற்சாகம் இன்னும் ஏறியது.

“கோயமுத்தூர்ல இருந்து பதினோரு கணக்கு வாத்தியாருங்க லாரியில வந்தாங்க. ஆளுக்கொரு கூறு போட்டும் ரெண்டு மிச்சம். வகுத்து வகுத்து ஒருத்தருக்குச் சுண்டுவிரலே தேஞ்சு போச்சு. அப்புறம் பெங்களூர்ல இருந்து வீடு உசரத்துக்கு ஒரு கணக்கு மிசினு வந்துச்சு. காயைப் பார்த்துட்டு ஓன்னு அழுதுச்சு பாரு, பாசன முறை வராமயே வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு!

“அதனால அம்முணி, குடுத்தா ஒரே ஆளுக்கு மொத்தமாக் குடுக்கோணும். இல்லீனா லட்சத்து மூணு பேரைக் கூட்டியா, ஆளுக்கு ஒண்ணு தாரேன். நடுவுல வழியே கிடையாது.”

தெய்வாத்தாள் குவியலில் ஒரு காயை எடுத்தாள். களத்து மூலையில் இருந்த பிள்ளையார் முன்னால் போய்க் கல்லில் ஓங்கி அடித்தாள். சில்லுகளுக்கு எல்லாரும் பாய்ந்தார்கள், நாச்சிமுத்து உட்பட.

“பிள்ளையாருக்கு ஒண்ணு உடைக்காம எந்தத் தோப்புலண்ணா பங்கு வெப்பாங்க? இப்ப லட்சத்து ரெண்டு. ஆளுக்கு அம்பதாயிரத்து ஒண்ணு. எடுங்க.”

வாய் நிறையத் தேங்காயோடு நாச்சிமுத்து குவியலைப் பார்த்தார். அது முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்காக அசருகிற ஆளா அவர்?

“மேல தெரியறது கொசுறு, அம்முணி. பாரம் தாங்காம மீதியெல்லாம் மண்ணுக்குள்ள இறங்கிப் பாதாளத்துல கிடக்குது.”

“சரிங்கண்ணா.” தெய்வாத்தாள் சாக்கை விரித்தாள். “மூத்தவரு நீங்க. பெரும்பங்கு உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு இந்தக் கொசுறு போதும்.”