உடும்புக்குப் போன தேனடை

கடம்பங்குளத்துக் கரடி தேனெடுத்தால் முதல் அடையைத் தான் தின்னாது. தேக்கிலையில் பொதிந்து ஓர் உடும்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். கரடியாவது, தேனை விட்டுக்கொடுப்பதாவது என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

ஒரு கோடையில் அந்தக் காட்டில் வெயில் தலைகால் தெரியாமல் அடித்தது. பாறையில் முட்டையிட்ட ஆள்காட்டிக் குருவி திரும்பி வந்து பார்த்தால், அவித்த முட்டை! குளத்து மீன்கள் தாமாகவே வெந்து மிதந்தன. உப்பு ஒன்றுதான் குறை!

வெயிலோடு காய்ச்சலும் வந்தது. கரடியின் ஒரே குட்டி நடுநடுங்கிப் படுத்துவிட்டது. மந்தி வைத்தியர் ஓடி வந்து, தேனில் குழைத்த மருந்தை ஊட்டினார். காய்ச்சல் இறங்கியது. குட்டி எழுந்து விளையாடியது. கரடி மூச்சுவிடுவதற்குள் மறுபடியும் படுத்தது. மறுபடியும் மருந்து. மறுபடியும் காய்ச்சல். முயல் வீட்டிலும் மான் வீட்டிலும் இதே கதைதான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல நாளில் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் தேன் கொண்டுவந்து ஒரு மரப்பொந்தில் சேர்த்து வைப்பார்கள். கெட்ட நாளில் எல்லாரும் கூடிப் பேசி எடுப்பார்கள். பொந்துக்குக் காவல் கரடிதான். தேனுக்குக் கரடியைக் காவல் வைத்த காடு அது ஒன்றுதான்! ஆனால் கரடி ஒரு சொட்டு நக்கியதில்லை.

குளக்கரையில் கூட்டம் கூடியது. நிழலுக்கு ஒரு மரமில்லை. ஒருவர் நிழலில் ஒருவர் ஒண்டிக்கொண்டு நின்றார்கள்.

“இருக்கிற தேனையெல்லாம் மருந்துக்குக் கொடுங்கள்!” என்றார் மந்தி வைத்தியர்.

“எனக்கும் அதில் கொஞ்சம் வேண்டும்” என்றது உடும்பு.

“உனக்குக் காய்ச்சலா?” என்று கேட்டார் வைத்தியர்.

“இல்லை. இந்தக் காய்ச்சல் எந்த வழியாக வருகிறது என்று சுற்றிப் பார்க்கப் போகிறேன். நான் மரமும் ஏறுவேன், தண்ணீரிலும் நீந்துவேன், வளைக்குள்ளும் புகுவேன். எல்லா இடத்தையும் பார்த்து வருகிறேன்.”

காட்டுப்பன்றி உறுமிச் சிரித்தது. “சும்மா பார்ப்பதற்குத் தேனடையா? நானும் இரண்டு கண்ணும் திறந்துதான் இருக்கிறேன். எனக்கு யாரும் கொடுக்கவில்லையே!”

“மாமா, பசியோடு பார்க்கிறவன் கண்ணுக்கு இரை மட்டும்தான் தெரியும். வயிறு நிறைந்தவனுக்குத்தான் மற்றதெல்லாம் தெரியும்!”

கூட்டம் கரடியைப் பார்த்தது. கரடி தன் குட்டியைப் பார்த்தது.

“வைத்தியரே, உங்கள் மருந்து நல்ல மருந்து. அது இல்லாவிட்டால் என் பிள்ளை இன்று இல்லை” என்றது கரடி. “ஆனால் எத்தனை தரம் எழுப்புவீர்கள்? பெரும்பங்கு உங்களுக்கு. ஓர் அடை உடும்புக்கு.”

உடும்பு அடையை வாங்கிக்கொண்டு போனது. போனது, போனதுதான். வருகிறவர்கள் போகிறவர்கள் சொன்ன சேதி ஒன்றும் நன்றாயில்லை.

“உன் உடும்பு யானைச் சாணத்தைக் கிளறிக்கொண்டிருக்கிறது, கரடியக்கா!” என்றது முயல்.

“தவளை வீட்டு வாசலில் போய், யாருமில்லாத வீட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது!” என்றது பன்றி. “அடை போச்சு, ஆளும் போச்சு!”

அன்று மாலை குட்டிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பொந்தில் தேன் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கரடிக்குப் பொறுக்கவில்லை. மிச்ச அடையைப் பிடுங்கி வரலாம் என்று கிளம்பியது. உடும்பு குளக்கரையிலேயே ஒரு மொட்டைமரத்தடியில் படுத்திருந்தது.

“கொடு என் அடையை!”

உடும்பு மிச்சத்தை அப்படியே நீட்டியது. “எடுத்துக்கொள், அக்கா. பிள்ளைதான் முக்கியம். அதற்கு முன் ஒன்று சொல். தவளைச் சத்தம் கேட்கிறதா?”

“இல்லை.”

“கொசுச் சத்தம்?”

“காதைத் துளைக்கிறதே!”

“அந்தக் கொசு கடித்துத்தான் இந்தக் காய்ச்சல். முன்பெல்லாம் குஞ்சுத் தவளையும் மீனும் கொசுப்புழுவைத் தின்றன. தண்ணீர் கொதித்ததும் அவை செத்தன. தண்ணீர் ஏன் கொதித்தது? கரையில் நிழல் இல்லை. மரங்களை முறித்தது யார்?”

“யானைக் கூட்டம். அந்தத் தடியன்கள் கீழே இருக்கிற பள்ளத்தைவிட்டு இங்கே ஏறி வந்து அட்டகாசம் செய்கிறார்கள்!”

“ஏன் வந்தார்கள்? வா, காட்டுகிறேன்.”

உடும்பு முன்னால் போனது. கரடி பின்னால் போனது. குளத்திலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் ஓடை எலும்பாய்க் காய்ந்து கிடந்தது. ஓடை வாயில் கல்லும் மண்ணுமாய் உயரமான கரை. அதில் பன்றியின் குளம்பு பதிந்திருந்தது. பக்கத்திலேயே பெரிய பெரிய நகத்தடம்.

கரடி தன் கையைப் பார்த்தது. பிறகு அந்தத் தடத்தைப் பார்த்தது.

வெயில் ஏறிய நாளில், பிள்ளை குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று பன்றியோடு சேர்ந்து ஓடையை அடைத்தது அதுதான்!

“ஐயோ! என் பிள்ளைக்காகச் செய்தேனே!”

“எல்லாரும் அவரவர் பிள்ளைக்காகத்தான் செய்தார்கள், அக்கா. யானையும் தன் கன்றுக்காகத்தான் வந்தது.”

கரடி அடையைக் கொண்டுபோய் வைத்தியரிடம் கொடுத்தது. மருந்து குட்டியின் வாயில் இறங்கிய கையோடு திரும்பி வந்து, ஓடைக் கரையைப் பறிக்க ஆரம்பித்தது. பன்றி பாய்ந்து வந்தது.

“பைத்தியமா உனக்கு? குளம் வற்றிப்போகும்!”

“மாமா, ஒரு யானைக் கூட்டம் குடித்து, குளித்து, பீய்ச்சி விளையாடுவதைவிடவா ஓடை அதிகம் கொண்டுபோகும்?” என்றது உடும்பு.

பன்றி யோசித்தது. பிறகு தானும் மூக்கை வைத்து முட்டியது. கரை உடைந்தது. தண்ணீர் துள்ளி இறங்கியது.

மறுநாள் பெரிய யானை வந்து நின்றது. “இவ்வளவு ஏற்றம் ஏறி வர எங்களுக்கு என்ன வேண்டுதலா? எங்கள் ஓடை வந்துவிட்டது, நாங்கள் போகிறோம். நன்றி!” என்றது. போவதற்குமுன், முறித்த மரங்களுக்கு ஈடாக அத்திமரக் கிளைகளைக் கொண்டுவந்து கரைநெடுக ஊன்றிவிட்டுப் போனது.

வெயில் குறைந்துவிடவில்லை. வெயிலை யார் கட்டிப்போடுவது? ஆனால் ஊன்றிய கிளை தளிர்த்தது. கரையில் நிழல் விழுந்தது. ஒருநாள் எங்கிருந்தோ ஒரு தவளை வந்து, ஊரே எழும்படி கத்தியது. அப்புறம் கரடிக்குட்டி படுக்கவே இல்லை. அதைப் படுக்கவைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது!

அடுத்த பருவத்தில் கரடி முதல் தேனடையோடு உடும்பின் வளைக்கு வந்தது.

“காய்ச்சல்தான் போய்விட்டதே, அக்கா. இது எதற்கு?”

“போன தடவை திரும்ப வாங்கிக்கொண்டேன். நீ முகம் சுளிக்காமல் கொடுத்தாய். அந்த மிச்சம்தான் அன்று என் பிள்ளையைக் காப்பாற்றியது. நீ தின்ற பாதி எங்கள் எல்லாரையும் காப்பாற்றியது” என்றது கரடி. “நன்றாகச் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு, இந்த வருஷமும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வா!”

வலிக்கிற இடத்துக்கு மருந்து போடு. வலி வந்த வழியைத் தேடிப் போகிறவனுக்கும் கட்டுச்சோறு கொடு.