பொருநையும் சிற்றாறும்

செண்பகராமனுக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்லூரியின் அட்மிஷன் கவுன்ட்டரில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு லினக்ஸ் படிக்க வந்தவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபசெல்விக்கு அவர் மகள் வயது.

"டீச்சர், சர்வரை நான் தனியா பாத்துக்கிற நாள் எப்ப வரும்?"

இந்த வருடமும் தேறாவிட்டால் திரும்பக் கவுன்ட்டர்தான் என்று முதல்வர் சொல்லியிருந்தார்.

ஜெபசெல்வி பெரிய சர்வரின் ரூட் பாஸ்வேர்டை அவர் காதில் சொன்னாள். "புதுப் பிள்ளைகளுக்கு அக்கவுன்ட் திறந்து விடுங்க, அண்ணாச்சி."

அந்தக் கல்லூரியில் கணினிகளுக்கு ஆறுகளின் பெயர். பெரிய சர்வர் பொருநை. அவர் பழகிய சின்னப் பெட்டி சிற்றாறு. கட்டளை அடிக்கும் வரியின் தொடக்கத்தில் முதலில் ஆளின் பெயர் நிற்கும், அடுத்து ஆற்றின் பெயர்.

இரண்டுக்கும் ஒவ்வொரு கறுப்பு ஜன்னல் திறந்தார். ரூட் என்று திரை சொன்னது. அதற்கு மேல் அதிகாரம் கிடையாது. இந்த வயதில் இத்தனை சந்தோஷம் ஆகுமா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. வேலையைச் சுத்தமாக முடித்தார். வழக்கம்போல் சிற்றாற்றை அணைக்கக் கட்டளை அடித்தார்.

பக்கத்து லேபில் பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். அணைந்தது பொருநை.

"போச்சு டீச்சர். நான் கவுன்ட்டருக்கே போயிருதேன்."

"போறவரு பொத்தானை அமுக்கிட்டுப் போங்க. படுக்க வச்சவருதானே எழுப்பணும்?"

அமுக்கினார். திரையில் வரிகள் சரசரவென்று ஓடின.

"லினக்ஸ் கர்னல் ஏறிட்டு. டிஸ்க்கைச் சோதிக்குது. நெட்வொர்க் வந்துட்டு." தன்னை அறியாமல் சொல்லிக்கொண்டே போனார். பொருநை கண் விழிப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. கவுன்ட்டர் மறந்துபோனது. "டேட்டாபேஸ் இன்னும் வரலையே, சோம்பேறிப் பய. ஆங், வந்துட்டான்."

ஜெபசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர் பாஸ்வேர்டை அடித்து உள்ளே நுழைந்ததும் கட்டளை வரி வந்து நின்றது.

"வாசிங்க."

"ரூட். பொருநை."

"அணைக்கும்போது என்ன வாசிச்சீங்க?"

செண்பகராமன் யோசித்தார். காது சிவந்தது.

"ரூட் வரைக்கும்தான் டீச்சர். அதுக்கு மேல கண்ணு போகல."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு நான் லீவு, அண்ணாச்சி. பொருநையை நீங்க பாத்துக்கோங்க."