பன்னிரண்டு தூண் வீடு

புளியில் கொட்டை எடுத்துக்கொண்டேதான் சொல்கிறேன். கை பிசுபிசு என்று இருக்கிறது, யாரும் மேலே வந்து சாயாதீர்கள். பயந்தால் என்னைக் குறை சொல்லவும் கூடாது. எனக்கே இந்தக் கதை பயம்தான்.

வெகு காலம் முன்னால், அதற்கும் வெகு காலம் முன்னால், இங்கிலாந்து என்ற குளிர் தேசத்தில் மேபல் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் வால்டர் தச்சன். அவன் மரம் நிறுத்துவான், அவள் மண் பூசுவாள். அந்தத் தேசத்து வீடு எப்படித் தெரியுமா? முதலில் ஓக் மரத்தில் தூணும் உத்தரமுமாக, எலும்புக்கூடு மாதிரி நிறுத்துவார்கள். இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மர முளைதான். மேலே வைக்கோல் கூரை. தூணுக்கும் தூணுக்கும் நடுவே குச்சியைக் கூடை மாதிரி பின்னி, மண் அப்பினால் சுவர். மண்ணில் நறுக்கின வைக்கோலும் சாணியும் கலந்தால்தான் நிற்கும்.

ஒரு மந்திரவாதி காட்டுக்குள் வீடு கட்ட வால்டரைக் கூப்பிட்டான். போனவன் ஒரு நாள் வரவில்லை, இரண்டு நாள் வரவில்லை, மூன்று நாளும் வரவில்லை. மேபல் தேடிப் போனாள்.

வீடு நின்றது. பன்னிரண்டு கறுப்புத் தூண். கூரை போட்டாயிற்று, குச்சி பின்னியாயிற்று, மண் மட்டும் பாக்கி. வேலையாள் ஒருவரும் இல்லை. மந்திரவாதி முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"என் வீட்டுக்காரர் எங்கே ஐயா?"

"பொழுது சாயறதுக்குள்ள மண்ணைப் பூசி முடி. அப்புறம் சொல்றேன்."

மேபல் முதல் தூணைத் தொட்டாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. இரண்டாவது தூணில் கை வைத்தாள். உள்ளே திக் திக், திக் திக். மூன்றாவது தூண் பேசியது.

"மேபல், கத்தாதே. நான்தான்."

ஐயோ! தாலி கட்டின மாதிரி மோதிரம் போட்ட புருஷன், தூணாக!

"நாங்க பன்னிரண்டு பேரும் தச்சனுங்க. கடைசி முளையை அடிச்சதும் இப்படி ஆயிட்டோம். மண்ணு காஞ்சு நின்னுட்டா காலத்துக்கும் மரம்தான். விழுந்துட்டா மந்திரமும் விழுந்துடும். அவனே வாய்விட்டுச் சொன்னான்."

"முளையைப் பிடுங்கிடட்டுங்களா?"

"ஐயையோ, அது எங்க எலும்பு! தொடாதே!"

"அப்ப நான் பூசவே மாட்டேன்."

"நீ இல்லேன்னா வேற ஆளைக் கொண்டாருவான்."

மேபல் கண்ணைத் துடைத்தாள். மண்ணைக் குழைத்தாள். வெறும் மண், வெறும் தண்ணீர்.

மந்திரவாதி எட்டிப் பார்த்தான். "ஏ பொண்ணே, வைக்கோல் போடலியா?"

அவள் மண்ணைக் குழைத்துக்கொண்டே சொன்னாள். "வைக்கோல் மாடு தின்கிறதுங்க. உங்க வீடு என்ன மாடா?"

பிறந்தது முதல் கையில் அழுக்குப் படாதவன் அவன். தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். "எனக்குத் தெரியாதா என்ன? சும்மா சோதிச்சேன்!" என்றான்.

சுவர் முழுக்கப் பூசியாயிற்று. அவனுக்குப் பொறுக்கவில்லை. கையைத் தட்டி அனல் காற்றை வரவழைத்தான். மண் சீக்கிரம் காய வேண்டுமாம்!

காய்ந்தது. படீர், ஒரு வெடிப்பு. படீர், இன்னொரு வெடிப்பு. படபடவென்று மொத்தச் சுவரும் கீழே!

தூண் எல்லாம் ஆள் ஆயிற்று. பன்னிரண்டு பேர் தலையிலும் கூரை!

"என்னங்க, விட்டுடாதீங்க!" என்று மேபல் அலறினாள். அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தார்கள், மந்திரவாதி நின்ற இடத்துக்கு. ஒன்று, இரண்டு, மூன்று. தொப்! வைக்கோலுக்கு அடியிலிருந்து கொஞ்சம் புகை வந்தது. அவ்வளவுதான் அவன்.

வால்டர் மேபலுக்குச் சொந்தமாக ஒரு வீடு கட்ட மரம் வெட்டப் போனான். அவள் விட்டாளா? ஒவ்வொரு மரத்தையும் தட்டி, "அண்ணே, நீங்க மரந்தானா?" என்று மூன்று தடவை கேட்டாள். எல்லா மரமும் சும்மா இருந்தது. ஓடையோரத்தில் ஒரு மரம் மட்டும், மூன்றாவது தடவை கேட்டதும் மெதுவாகக் குனிந்து அவள் காதில்... இருங்கள், உள்ளே கூப்பிடுகிறார்கள். இதோ வந்துட்டேன் அத்தை, பாப்பா எழுந்துட்டாளா?