போண்டா உட்கார்ந்த இடம்

அடுத்தவர் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வதென்றால் நமக்கெல்லாம் நாக்கு துறுதுறுக்கும். எங்கே, கோயம்புத்தூரில் ஒரு நாய்க்கு வந்த இந்த வழக்கைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், பார்ப்போம்.

தமயந்தியின் நாய்க்குப் போண்டா என்று பெயர். தெருவில் கிடந்த குட்டி, தின்று தின்றே உருண்டையாகிப் போனதால் வந்த பெயர். கணவர் போன பிறகு அந்த வீட்டில் அவள் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிற ஜீவன் அது ஒன்றுதான். அந்தச் சனியன் ஒருநாள் குடியிருப்புச் சங்கத் தலைவரின் காலைக் கவ்வித் தொலைத்தது. பல் பதியவில்லை, கால்சட்டைதான் கிழிந்தது. ஆனாலும் சங்கம் கூடி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் நாயைக் காப்பகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு கட்டியது. அவள் அழுத அழுகைக்கு ஒரே ஒரு சலுகை கிடைத்தது. அன்று காலை நடக்கும் மோப்பப் போட்டியில் தேறி, பழக்கிய நாய் என்று சான்றிதழ் வாங்கி வந்தால் போண்டா இருக்கலாம்.

மோப்பப் போட்டி என்றால் திருடனைப் பிடிப்பதல்ல. வீட்டு நாய்களுக்கான விளையாட்டு. வரிசையாக அட்டைப் பெட்டிகள் இருக்கும். ஒன்றில் மட்டும் கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சு. வாசம் வரும் இடத்தில் நாய் உட்கார வேண்டும். வளர்ப்பவர் கையைத் தூக்கி "இங்கேதான்" என்று சொல்ல வேண்டும். கொடுத்த நேரத்துக்குள் ஒரே தடவைதான். தூக்கிய கை தூக்கியதுதான்.

நடுவர் தேவசகாயம் போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தொடக்கத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "பிரியாணி கிண்டின கையோட யாரும் உள்ள வராதீங்க. களத்துல ஒரே ஒரு கிராம்பு வாசம்தான் இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு." தமயந்தி அன்றைக்கு அடுப்பையே பற்ற வைக்கவில்லை.

முதலில் மோகனரங்கம் என்பவரின் லாப்ரடார் இறங்கியது. நேராகச் சரியான பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்து கைதட்டல் வாங்கிக்கொண்டது. பிறகு எல்லாருக்கும் தேநீர் வந்தது. பெட்டிகளை அடுக்கிக் காவல் நிற்கும் அர்த்தநாரிக்குச் சூடு பட்டதும் சொத்தைப் பல்லில் உயிர் போகிற வலி. தேநீர்க்காரரிடம் எதையோ வாங்கிக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, கன்னத்தைப் பிடித்தபடி பழையபடி வரிசையின் கோடியில் போய் நின்றார்.

அடுத்தது போண்டா. தமயந்தி வாரை அவிழ்த்துவிட்டாள்.

முதல் பெட்டியை மோந்தது, விட்டது. இரண்டாவதையும் அப்படியே. திடீரென்று தலையைத் தூக்கியது. மிச்சப் பெட்டிகளை ஏறிட்டும் பாராமல் நேரே அர்த்தநாரியிடம் ஓடி, அவர் முகத்தைப் பார்த்தபடி சமர்த்தாக உட்கார்ந்துவிட்டது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தமயந்தி பின்னாலேயே ஓடினாள். அடப்பாவி, பிஸ்கட்டுக்கா உட்கார்ந்திருக்கிறாய்? இழுத்துக்கொண்டு போய் மற்ற பெட்டிகளைக் காட்டிவிடலாமா? பழக்கிய நாளெல்லாம் அது உட்கார்ந்த இடம் தப்பியதில்லையே! நேரமோ முடியப் போகிறது. கடவுளே என்று கையைத் தூக்கினாள்.

"தப்பு," என்றார் தேவசகாயம். பஞ்சு நடுப் பெட்டியில் இருந்தது.

தமயந்தி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து போண்டாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சாயங்காலம் உன்னைக் கொண்டு போயிருவாங்கடா" என்று வாய்விட்டு அழுதாள். அர்த்தநாரி பதறிப்போய், வாயில் இருந்ததைக் கையில் துப்பிக் காட்டினார். கிராம்பு!

"ஏனுங்க, பல்லுவலி தாங்காம அடக்கிட்டனுங்க. தப்பு என்ற மேலதான். அந்தம்மாவுக்கு இன்னொரு வாய்ப்புக் குடுங்க," என்றார்.

மோகனரங்கம் விடவில்லை. "இதே ஆளு இதே இடத்துலதான் நின்னாரு. என் நாய் அவரைச் சட்டை பண்ணாமப் பெட்டிக்குப் போச்சே? போண்டா தோத்தது தோத்ததுதான்."

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கிராம்பைக் கண்டுபிடின்னீங்க, கண்டுபிடிச்சிருச்சு. ஜெயிச்சுதுன்னு எழுதிக் குடுங்க சார், உங்க கால்ல வேணா விழறேன்."

தேவசகாயம் தலையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி விடு என்கிறார் ஒருவர், தோற்றது என்கிறார் ஒருவர், வென்றது என்கிறாள் ஒருத்தி. நீங்கள் நடுவராக இருந்தால் இந்த மூவரில் யார் பேச்சை நியாயம் என்பீர்கள்?

விடை: அர்த்தநாரி சொன்னதே நியாயம். லாப்ரடார் இறங்கியது தேநீருக்கு முன்னால். அப்போது அவர் வாயில் கிராம்பே இல்லை. இல்லாத வாசத்தைச் சட்டை பண்ணாததில் என்ன பெருமை? தமயந்தி கேட்டதும் ஆகாது. பஞ்சைக் காட்டாத நாய்க்குச் சான்றிதழ் கொடுத்தால் சங்கத் தலைவர் அதை அங்கேயே கிழித்துப் போடுவார். களத்தில் ஒரே வாசம் என்று பொறுப்பேற்றவர் நடுவர். இரண்டு வாசம் வந்துவிட்டதால் அது ஆட்டமே அல்ல. தூக்கிய கையும் கணக்கில் சேராது. அர்த்தநாரியை வெளியே அனுப்பி, பெட்டிகளை மாற்றி வைத்து மறுபடி விட்டார்கள். போண்டா ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்தது. தமயந்திக்கோ இந்தத் தடவை கை எழவே இல்லை. இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "இங்கேதான்" என்றாள். அன்று சாயங்காலம் காப்பகத்து வண்டி குடியிருப்பு வாசல் வரை வந்துவிட்டு வெறுமனே திரும்பிப் போயிற்று.