சக்கரத்தையே பார்த்திருந்த பிச்சாண்டியார்

மரத்தூளைப் பெருக்கிக் குவிப்பதுதான் பிச்சாண்டியாருக்கு விடியற்காலைப் பூஜை. அவர் மரக்கடைக்கு முதலாளி. கடையில் ஆள் உண்டு, துடைப்பத்தை ஆளிடம் கொடுக்கலாம். கொடுக்க மாட்டார். பெருக்கி முடித்துக் கைகால் கழுவி, மூலையில் சாத்தியிருக்கும் இரண்டு புளியங்கட்டைகளுக்குத் திருநீறு பூசிக் கும்பிடுவார். அதன் பிறகுதான் வியாபாரம். சுவரில் மாட்டியிருந்த சாமி படங்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும்.

அவை கொன்றைவனநாதர் தேரின் முட்டுக்கட்டைகள். ஊர் கூடித் தேரை இழுத்துவிடலாம், நிறுத்துவது அப்படியல்ல. உருண்டு வரும் சக்கரத்தின் முன்னால் சரியான நேரத்தில் கட்டையைக் கொடுத்தால் தேர் நிற்கும், திரும்பும். தவறினால் வடம் பிடித்தவர்கள் மீதே ஏறும். அந்தக் கட்டையைப் போடுகிறவராகப் பிச்சாண்டியார் நாற்பது வருடங்களுக்கு மேல் இருந்தார்.

அதற்கு முன் அவர் பட்டாளத்தில் கண்ணிவெடி தேடி எடுக்கும் பிரிவில் இருந்தார். தரையைப் பார்த்தே நடந்து, போரிலிருந்து இரண்டு காலோடும் ஊர் திரும்பியவர். அவர் திரும்பிய வருடம், அன்றைக்குக் கட்டை போட்டுக்கொண்டிருந்தவர் தீபாராதனை நேரத்தில் அண்ணாந்து ஒரு கும்பிடு போட்டார். ஒரே கும்பிடுதான். சக்கரம் அவர் பாதத்தில் ஏறிவிட்டது. மறுவருடம் கட்டையைத் தொட ஆளில்லை. பிச்சாண்டியார் எடுத்தார். கட்டை கையில் இருக்கும்வரை சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று கோயில் வாசலில் சத்தியம் செய்தார்.

அன்றிலிருந்து தேர்மேல் அமர்ந்த சாமியை அவர் பார்த்ததே இல்லை. கருவறையில் தினமும் கும்பிடுவார்தான். ஆனால் தேரேறும் திருக்கோலம் வருடத்தில் ஒருநாளுக்கு மட்டும் உரியது. சாமி தேரேறும்போதே அவர் கட்டையோடு சக்கரத்தடியில் இருப்பார். தேர் நிலைக்கு வந்ததும் திரைபோட்டு இறக்கிவிடுவார்கள். ஊரே பார்க்கும் அந்த முகத்தை, அதற்கு மிக அருகில் நிற்பவர் பார்க்காமல் இருந்தார். என் போன்றவர்கள் கூட்டத்தில் ஓரமாக நின்று, விட்டுவந்த செருப்பை நினைத்துக்கொண்டே சாமியைக் கண்குளிரப் பார்த்தோம்.

பாத்திரக்கடை கோமதிநாயகம் வருடந்தவறாமல் கேலி பேசுவார்.

“என்ன அண்ணாச்சி, சாமி மொகத்துக்கு நேரா நிக்கிய. எப்படி இருக்காருன்னு கேட்டா சக்கரத்துல எத்தனை ஆணின்னுல்லா சொல்லுவிய!”

“ஆணி ஒண்ணு கழண்டா ஒம்ம பாத்திரக்கடைக்குள்ளதான் சாமி வருவாரு. அப்பம் ரெண்டு பேருமா உக்காந்து பாப்போம்வே” என்பார் பிச்சாண்டியார்.

சிரிப்பாரே தவிர, வீட்டுக்குப் போனதும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மனைவி உலகம்மாள் இலையைப் போடும் முன்பே கேட்பார்.

“இன்னைக்கு என்ன மாலை?”

“செவந்தி. நடுவுல மரிக்கொழுந்து வச்சிக் கட்டிருந்தாவ.”

“சிரிச்சாரா?”

“லேசா. ஒங்கள மாதிரி கஞ்சத்தனமாச் சிரிச்சாரு. மொதல்ல சாப்பிடுங்க.”

அந்தச் சொற்களில் அவர் தரிசனம் செய்தார். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, மழையில் சரிந்த கூரைக்கு உத்தரம், இல்லாதவர் வீட்டு இறுதி ஊர்வலத்துக்கு மூங்கில் என்று ஊருக்கு வேண்டியதெல்லாம் அவர் கடையிலிருந்து போயிற்று. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து சொன்ன உலகம்மாள் ஒரு மாசி மாதம் காய்ச்சலில் காலமானார். அடுத்த மாதம் தேர். கட்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர், சட்டையைக் கழற்றாமல் அடுக்களை வாசலில் வெகுநேரம் நின்றிருந்தார். இன்றைக்கு என்ன மாலை என்று யாரிடமும் கேட்கவில்லை. அந்த வருடத்திலிருந்து முகம் காணும் ஏக்கம் அவருக்குள் பசியைப் போல இருந்தது.

எண்பதைத் தாண்டிய பின் முழங்கால் மடங்க மறுத்தது. கோயில் தர்மகர்த்தா, “இந்த வருசத்தோட போதும் அண்ணாச்சி. அடுத்த வருசம் எங்ககூட நின்னு ஆசைதீரப் பாருங்க” என்றார்.

“அடுத்த வருசம்னு ஒண்ணு நம்ம கணக்குல இருக்கணும்லா” என்றார் பிச்சாண்டியார். டாக்டர் அவர் இதயத்தைப் பற்றிச் சொன்னதை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

“அப்பம் இந்தத் தடவை ஒருவாட்டி அண்ணாந்து பாத்துருங்களேன்.”

“பாத்துட்டு? வடத்துல ஒம்ம பேத்தியும் நிக்கால்லா?”

அந்தப் பங்குனித் தேருக்கு முந்திய இரவு, எதிர்பாராத கோடைமழை ஊற்றியது. காலையில் வெயில் வந்துவிட்டாலும் வடக்கு ரதவீதியின் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. தேர் அங்கே வந்ததும் பிச்சாண்டியார் வழக்கம்போல் குனிந்து கட்டையைக் கொடுத்தார். தேர் நின்றது. மேலே தீபாராதனை. மணி முழங்கிற்று. ஊரே அண்ணாந்தது. அவர் கட்டையில் கைவைத்தபடி, சக்கரத்தின் முன்னாலிருந்த தரையை மட்டும் பார்த்தார்.

அங்கே கலங்காத ஒரு முழத் தண்ணீர். அதில் கற்பூரச் சுடர் தலைகீழாக ஆடியது. சுடருக்குப் பின்னால் மஞ்சள் மாலை, நெற்றிப்பட்டம், கண்கள். கொன்றைவனநாதர் குளக்கரையில் குனிந்தவர்போல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாராதனை முடிந்தது. இழுக்கச் சொல்லிக் கொடி அசைந்தது. ஊர் மூச்சைப் பிடித்து வடத்தை இழுத்தது. தேர் அசையவில்லை.

“இழுங்கலே! காலைல சாப்பிடலியா?”

மறுபடி இழுத்தார்கள். வடம் முறுகியதே தவிரத் தேர் நகரவில்லை. கோமதிநாயகம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். “அண்ணாச்சி, கட்டைய எடுங்க! ஊரே நிக்கி!” என்று கத்தியவர், கிட்டே வந்ததும் நின்றுவிட்டார். எடுக்க வேண்டிய கட்டையைப் பிடித்தபடி பிச்சாண்டியார் தேம்பிக்கொண்டிருந்தார். கோமதிநாயகமும் அவர் பார்த்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் தேரின் மேலே நின்ற பட்டரை நோக்கிக் கையை உயர்த்தினார்.

பட்டர் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தண்ணீர் தெரிந்தது, குனிந்த தலை தெரிந்தது. அணைக்கப்போன கற்பூரத்தில் இன்னும் இரண்டு வில்லைகளைப் போட்டார்.

“வடத்த விடுங்கோ” என்றார். “சாமி இங்கே கொஞ்ச நேரம் இருக்கணும்கறார்.”

வடம் தரையில் விழுந்தது. தீபம் இரண்டாம் முறை, மிக மெதுவாகச் சுற்றியது.

அந்த ஐப்பசியில் பிச்சாண்டியார் இறைவனடி சேர்ந்தார். பாடைக்கு மூங்கில் அவர் கடையிலிருந்தே போயிற்று. தூக்க ஊரே முண்டியடித்தது.

தன் அடியார் பார்த்து முடிக்கும்வரை நடுத்தெருவில் காத்து நின்ற கொன்றைவனநாதர் வாழ்க. அவரையும் நிறுத்திவைத்த பிச்சாண்டியாரின் கைகள் வாழ்க.