சின்னக்காளை கட்டிய படிக்கட்டு

அந்த மனநல மருத்துவமனையில் குருவுக்குக் கறுத்த தலை, சீடருக்கு நரைத்த தலை.

டாக்டர் மெய்யம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. டாக்டர் அருளப்பனோ ஊரில் பாதிப் பேரின் காய்ச்சலை இறக்கியவர், பேரன் பேத்தி எடுத்த பிறகு மனநோய் படிக்க வந்து சேர்ந்தவர். வருகிறவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டு, சீட்டை மட்டும் மெய்யம்மையிடம் நீட்டுவார்கள், நர்ஸ் என்று நினைத்து. அருளப்பனுக்குக் கூச்சமாக இருக்கும். மெய்யம்மை சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் காலை அருளப்பன் கேட்டார்.

"மேடம், மனச்சோர்வுன்னு ஒருத்தருக்குச் சொல்றதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணுமோ அத்தனையும் பார்க்கறேன். ஆனாலும் ஏதோ ஒண்ணு உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. அது என்ன?"

"அடுத்து வர்றவரை நீங்களே பாருங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்றார் மெய்யம்மை.

அடுத்து வந்தவர் சின்னக்காளை. கொத்தனார். மனைவி பஞ்சவர்ணம் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். உட்கார வைத்தபடியே இருந்தார்.

"தூக்கம் எப்படி?"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "படுத்தேதான் கிடக்கேன்."

"சாப்பாடு?"

"மண்ணு மாதிரி இருக்கு."

"முன்னாடி பிடிச்சது எதுலயாவது மனசு போகுதா?"

தலையை மட்டும் ஆட்டினார்.

"எத்தனை நாளா?"

பஞ்சவர்ணம் சொன்னாள். "சித்திரைத் திருவிழாவுக்கு முந்தியே படுத்தவரு சார். ஆனி பிறந்தாச்சு. பூசுற கரண்டியை எடுத்துக் கையில குடுத்தா அதையே பார்த்துக்கிட்டு அழுவுறாரு."

அருளப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செத்துப் போயிடலாம்னு தோணுதாய்யா?"

"தோணுது. அதுக்கும் எந்திரிக்கணுமே சார்."

பஞ்சவர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அருளப்பன் சின்னக்காளையின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மிச்சத்தையும் கேட்டார். குடி கிடையாது. வீட்டில் சாவு எதுவும் இல்லை. தைராய்டு பார்த்த ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. வேறு மருந்தும் சாப்பிடவில்லை.

"இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் மனசு சரியில்லாமப் போயிருக்கா?"

"இல்ல சார். இதான் மொதத் தடவை."

பஞ்சவர்ணமும் ஆமாம் என்று தலையசைத்தாள்.

அருளப்பன் எழுதினார். மனச்சோர்வு நோய், கடுமையானது, முதல் முறை. அதன் கீழே சோர்வை நீக்கும் மாத்திரையின் பெயர். எழுதிய சீட்டைக் கொஞ்சம் பெருமையோடுதான் குருவின் பக்கம் தள்ளினார். பெருமைப்பட வேண்டிய வேலைதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

மெய்யம்மை படித்துவிட்டுப் பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பினார்.

"இவரு ரொம்ப நல்லா இருந்த காலம் எதும்மா? கொஞ்சம் சொல்லுங்க."

இந்தக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்பார். மருந்து எழுதும் முன்பு, கூட வந்தவரிடம். வந்தவர்களின் முகம் கொஞ்சம் தெளியட்டும் என்று ஆறுதலுக்குக் கேட்கிறார் போலிருக்கிறது என்று அருளப்பன் நினைத்து வைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் டீ வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்துக்கொள்வார். அன்றும் பார்த்தார்.

பஞ்சவர்ணத்தின் முகம் உண்மையிலேயே தெளிந்தது.

"மாசி மாசம் இருந்தாரும்மா, ராசா கணக்கா. எங்க மனையில வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம்கூடத் தோண்டல, அதுக்குள்ள படியை ஆரம்பிச்சுட்டாரு. சோறு வேணாம், தூக்கம் வேணாம். நாலாளு வேலையை ஒத்தையாளாச் செஞ்சாரு. வாய் ஓயாமப் பேச்சு, பாட்டு, சிரிப்பு. கல்யாணமான நாள்லேர்ந்து அவரை நான் அப்படிப் பார்த்ததில்ல. சாமி வந்து இறங்கிடுச்சுன்னு ஊரே வந்து கும்பிட்டுப் போச்சு."

சின்னக்காளை அப்போதுதான் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

மெய்யம்மை சீட்டை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சார், மத்தியானம் உங்க கார்ல எங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. அந்தப் படியைப் பார்க்கணும்."

ஊர் எல்லையில் இருந்தது அந்த மனை. நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியிருந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை. நடுவில் படிக்கட்டு மட்டும் நின்றது.

அருளப்பன் காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

செங்கல் வளைவின்மேல் எழும்பி, பாதியில் ஒருமுறை திரும்பி, பக்கத்திலிருந்த வேப்பமரத்தின் தலையைத் தாண்டி அது மேலே போயிற்று. மேலே வானம்தான் இருந்தது. ஒவ்வொரு படியின் விளிம்பும் கை வைத்தால் வழுக்கும்படி தேய்த்துப் பூசியிருந்தது. கீழ்ப்படியில் ஆடு ஒன்று படுத்திருந்தது. அதற்கு மேலே இருந்த படிகளில் பஞ்சவர்ணம் மிளகாய் காயப் போட்டிருந்தாள். ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் ஒரு படியில்கூடக் கோணல் தெரியாது என்றாள்.

"ஒத்தை ஆளாவா?" என்றார் அருளப்பன்.

"ஒத்தை ஆளாத்தான் சார்."

அருளப்பன் கோயில் கோபுரத்தைப் பார்க்கிறவர்போல் அண்ணாந்து நின்றார்.

"ஏறிப் பாருங்க சார்" என்றார் மெய்யம்மை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மூச்சு வாங்க உச்சிக்குப் போனபோது காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. கைப்பிடிச் சுவர் இல்லை. கண்மாயும் அதற்கப்பால் மலையும் தெரிந்தன. கடைசிப் படியின் பூச்சு இன்னும் முடியாமல் சொரசொரவென்று இருந்தது.

கீழேயிருந்து பஞ்சவர்ணம் கத்தினாள். "அங்கேயே நில்லுங்க சார்! அதுக்கு மேல போயிடாதீங்க! அவரும் அங்கதான் நின்னாரு. அடுத்த படி இருக்குடி, உனக்குத்தான் தெரியலன்னு சொல்லிக்கிட்டே காலைத் தூக்கிட்டாரு. நான் பின்னாடியே போயி வேட்டியைப் பிடிச்சு இழுத்துப் போட்டேன். அன்னைக்கு இறங்குனவருதான், பொறவு ஏறவே இல்ல. பத்து நாள்ல படுத்துட்டாரு."

அருளப்பன் குனிந்து பார்த்தார். சின்னக்காளை காரின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், இவ்வளவையும் கட்டிய கைகளை மடியில் போட்டுக்கொண்டு.

அருளப்பனால் நின்று இறங்க முடியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு இறங்கிவந்தார். ஆடு எழுந்து வழிவிட்டது.

"நான் எழுதின மாத்திரை அவரைத் திரும்பவும் அங்க கொண்டுபோயி நிறுத்தியிருக்குமா மேடம்?"

"நிறுத்தியிருக்கலாம். வெறும் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் குடுத்தா, இவரை மாதிரி ஆளுங்க சில பேர் மேல ஏறிடுவாங்க."

"இதுக்கு முன்னாடி நோய் வந்திருக்கான்னு கேட்டேனே. இல்லன்னாரே."

"அவரு பொய் சொல்லல சார். மாசியில வந்ததும் இதே நோயோட இன்னொரு பக்கம்தான். ஆனா அவருக்கு அது நோய் இல்ல. அவரு வாழ்க்கையிலேயே நல்ல நாள் அதுதான்."

அருளப்பன் மறுபடி அண்ணாந்து பார்த்தார். "இப்படி ஒண்ணை என் ஆயுசுல பார்த்ததில்ல மேடம்."

"நானும்தான் பார்த்ததில்ல."

மெய்யம்மை பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார். அருளப்பன் அதைக் கிழித்தார். காரின் முன்மூடியின்மேல் வைத்து வேறு சீட்டு எழுதினார்கள். ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் மனசைப் பிடித்துக்கொள்கிற மருந்து. இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், தனியே விடக்கூடாது என்று மெய்யம்மை பஞ்சவர்ணத்திடம் சொன்னார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சின்னக்காளை மெதுவாக வாயைத் திறந்தார். அன்று அவராக வந்து பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அம்மா, உங்க மாத்திரையைச் சாப்பிட்டா எனக்குத் திரும்ப இப்படிக் கட்ட வருமா?"

பஞ்சவர்ணம் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். வரும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன் என்பதுபோல் அருளப்பனும் பார்த்தார்.

"இப்படி வராது மேஸ்திரி" என்றார் மெய்யம்மை.

"அப்ப எனக்கு அது எதுக்கு?"

மெய்யம்மை படிக்கட்டுப் பக்கம் போனார். மிளகாயை ஒதுக்கிவிட்டு, படியொன்றில் உட்கார்ந்தார். பூச்சைக் கையால் தடவிப் பார்த்தார். உச்சிவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு சுற்றிலும் கயிறு மட்டும் கட்டிக்கிடந்த வெறும் தரையைப் பார்த்தார்.

"இவ்வளவு நல்ல படிக்கு ஒரு வீடு வேண்டாமா, மேஸ்திரி?"