அடுப்படிச் சண்டையும் அரண்மனைக் கணக்கும்

செங்கழனி நாட்டு அரசர் கடம்பவேந்தர் நல்லவர்தான். ஆனால் காதருகே யார் நிற்கிறாரோ, அவர் சொல்வதே அவருக்கு வேதம்.

அந்த வருஷம் நின்றவர் ஒற்றர் தலைவர் அதிகன்.

"குடிக்கணக்கு எடுக்கிறோமே, தலையை மட்டும் எண்ணினால் போதுமா அரசே? வீட்டில் என்ன சண்டை, உடம்பில் என்ன நோய், உங்களைப் பற்றி என்ன பேச்சு, எல்லாம் கேட்போம். சொல்லாதவரை நாடு கடத்துவோம்" என்றார். அரசரும் தலையாட்டிவிட்டார்.

ஊரே பதில் சொன்னது. அவல் விற்கும் செங்கமலம் மட்டும் மறுத்தாள். "எத்தனை பேர்னு கேட்டீங்க, சொன்னேன். அடுப்படிச் சண்டை அரண்மனைக்கு எதுக்கு?"

பிடித்துச் சபையில் நிறுத்தினார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்ட வேண்டும் என்று தீர்ப்பு. இடுப்பில் கைக்குழந்தை; தூணோரம் புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். சபைப் புலவர் திருமேனிக்கு இது பொறுக்கவில்லை. கெஞ்சினால் காரியம் நடக்காது என்று அவருக்குத் தெரியும். முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார்.

"கணக்கு என்ன சொல்கிறது, ஐயா?"

அதிகன் நெஞ்சை நிமிர்த்தினார். "நாட்டில் நோயாளியே இல்லை. எந்த வீட்டிலும் சண்டை இல்லை. எல்லோரும் அரசரைப் புகழ்கிறார்கள்!"

"அடடா! அப்படியானால் வைத்தியசாலைகளை மூடிவிடலாம் அரசே. உங்களை ஏசவே ஆளில்லாத நாட்டில் ஒற்றர்கள் எதற்கு? அவர்களையும் இன்றே கலைத்துவிடலாம். அதிகன் ஐயாவுக்கு நாலு எருமை கொடுத்தால் மேய்த்துப் பிழைத்துக்கொள்வார்."

"சரிதானே!" என்றார் அரசர்.

அதிகன் குறுக்கே பாய்ந்தார். "ஐயோ, வேண்டாம் அரசே! அத்தனையும் பொய்! பயத்தில் உளறியிருக்கிறார்கள்!"

"கேட்டீர்களா அரசே? நாடே பொய் சொல்லியிருக்கிறது. சொல்லாதவள் இவள் ஒருத்திதான். இவளைத்தான் வெளியே துரத்தப் போகிறோம்."

அரசருக்கு வெட்கமாகிவிட்டது. தீர்ப்போலையைக் கிழித்துப் போட்டார். "இனி வீட்டு விஷயம் கேட்டால், இஷ்டப்பட்டவர் சொல்லட்டும். சொல்லாதவருக்குத் தண்டனை இல்லை. இதுதான் சட்டம்!" புலவருக்குப் பொற்சங்கிலி கிடைத்தது. அதிகனுக்கு எருமைகள் கிடைத்தன.

பிறகு அரசர் மெல்லக் குனிந்தார். "இஷ்டமிருந்தால் சொல்லம்மா. உன் வீட்டில் அப்படி என்னதான் சண்டை?"

"இப்படிக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே, மகாராஜா! எல்லாம் உங்களாலதான். நம்ம ராஜா நல்லவர்னு இவர் சொல்வார். நான் ஒத்துக்க மாட்டேன்."

சபையே அரசர் முகத்தைப் பார்த்தது.

செங்கமலம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "போகட்டும், இன்னிக்கு நீங்களே ஜெயிச்சீங்க."

அரசர்தான் முதலில் சிரித்தார்.